பம்ப் மீது விழும் பழி: பழைய டிராக்டரின் லிப்ட் கோளாறுகளைப் பற்றி

நடவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வயலில் தண்ணீர் நிற்கிறது. கலப்பை மாட்டிய பழைய டிராக்டர் வரப்போரம் வந்து நிற்கிறது. லீவரைத் தூக்கினால் லிப்ட் கை எழவில்லை. அல்லது பாதி எழுந்து நின்றுவிடுகிறது. அல்லது முழுக்க எழுந்தாலும் வரப்பைத் தாண்டுவதற்குள் தானாக இறங்கிக் கலப்பை மண்ணைத் தொட்டுவிடுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஆனால் பட்டறையில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும். பம்பை மாற்றியும் லிப்ட் தூக்காத வண்டிகள் உண்டு. மாற்றிய கொஞ்ச நாளில் பழைய குறை திரும்பிய வண்டிகள் இன்னும் அதிகம். பழைய பெர்குசன் வழிவந்த டிராக்டர்களில் பம்பைக் குற்றவாளியாகக் கொண்டு விசாரணையைத் தொடங்குவது தவறு என்பதும், அந்த இயந்திரத்தின் அமைப்பே அதைத் தவறாக்குகிறது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். லிப்ட் தூக்கவில்லை என்றால் பம்ப் உழைக்க மறுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். இந்த வண்டிகளில் பல சமயம் பம்ப் தனக்கு வந்த கட்டளையை அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.

இது ஏன் என்பதைக் காண அமைப்பின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் டிராக்டரையும் கலப்பையையும் ஒரே இயந்திரமாக்கும் எண்ணத்துக்கு 1925இல் காப்புரிமை கோரினார். அதற்கு முன் கலப்பையை வண்டிக்குப் பின்னால் மாட்டுவண்டி போலக் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநர் மீதே விழும். கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்ற மூன்று முனை இணைப்பு அந்த ஆபத்தை அடக்கியது. 1933இல் கறுப்பு வண்ண முன்மாதிரி வண்டி, 1936இல் பெர்குசன் பிரவுன், 1939இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பிறந்த ஃபோர்டு 9என், 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உருவாகத் தொடங்கிய டி.இ.20 என்று அந்த அமைப்பு வளர்ந்தது. டி.இ.20 மட்டுமே 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1956இல் எஃப்.இ.35, பிறகு அதுவே மாஸி பெர்குசன் 35, 1964இல் 135. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் வண்டிகளைச் செய்ததால் 35இன் வாரிசான 1035 தமிழ்நாட்டு வயல்களுக்குப் பழக்கமான வண்டியானது. இலங்கையிலும் 35, 135, 240 ஆகியவை இன்றும் உழுகின்றன. ஆக, பெர்குசன் அமைத்த ஒரு வால்வின் குணம் தஞ்சாவூர்ச் சேற்றிலும் வன்னிக் காட்டு வயலிலும் இன்றைக்கும் வேலை செய்கிறது.

அந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பொதுவாக ஹைட்ராலிக் அமைப்புகளில் பம்ப் ஓயாமல் எண்ணெயைத் தள்ளும். தள்ளிய எண்ணெயை எங்கே அனுப்புவது என்பதைப் பம்பைத் தாண்டியுள்ள வால்வு முடிவு செய்யும். பெர்குசன் அந்த வால்வைப் பம்பின் உறிஞ்சும் பக்கம் வைத்தார். லீவர் தூக்கச் சொன்னால் வால்வு வாயைத் திறக்கும், பம்ப் எண்ணெயைக் குடிக்கும், குடித்ததை சிலிண்டருக்குத் தள்ளும். போதும் என்றால் வாய் மூடிக்கொள்ளும். பம்பின் பிஸ்டன்கள் ஓடிக்கொண்டே இருந்தாலும் தள்ள எண்ணெய் இராது. இறக்கச் சொன்னால் அதே வால்வு இன்னொரு துளையைத் திறந்து, சிலிண்டரில் உள்ள எண்ணெயை வெளியே விடும். கலப்பையின் சொந்த எடையால் கை இறங்கும். கீழ்நோக்கித் தள்ளும் விசை இதில் கிடையாது. எண்ணெய் வீணாகச் சுற்றிச் சூடாவதில்லை, எஞ்சின் சக்தி வீணாவதில்லை. இந்த யோசனையின் மதிப்புக்கு ஒரு வழக்கே சாட்சி. ஃபோர்டுடனான கூட்டு முறிந்த பின் பெர்குசன் தொடுத்த வழக்கு 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் சமரசமானது. பணத்தோடு, உறிஞ்சும் பக்கம் வால்வு வைக்கும் முறையைக் கைவிடவும் ஃபோர்டு ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த ஃபோர்டு வண்டியில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து வேறு வகையாகிவிட்டது.

வால்வின் இந்த ஒரு இடமாற்றம் கோளாறு பார்க்கும் முறையையே மாற்றுகிறது. எஞ்சின் ஓட்டும் கியர் பம்ப் உள்ள வண்டிகளில் பம்ப் எந்நேரமும் எண்ணெயைத் தள்ளி உழைக்கிறது, தேய்கிறது, அதை முதலில் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வண்டிகளில் பழகிய கை, பெர்குசன் வழி வண்டியைத் தொடும்போதும் அதே பழக்கத்தில் பம்பைத் தேடுகிறது என்பது என் கணிப்பு. ஆனால் இங்கே பம்ப் நான்கு பிஸ்டன் கொண்டது, கியர் பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே உள்ள நடுக்கூட்டின் அடியில், எண்ணெய்க்குள் மூழ்கியே கிடக்கிறது. உழைக்கும் நேரம் குறைவு. மூழ்கிக் கிடப்பதால் உறிஞ்சு குழாய் வழியே காற்று புகும் வாய்ப்பும் குறைவு. மறுபுறம், அது எண்ணெய் தள்ளுமா தள்ளாதா என்பது லீவரிலிருந்து வால்வு வரை நீளும் கம்பிகள், முட்டுகள், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பொறுத்தது. அந்தச் சங்கிலியில் எங்கே தளர்வு வந்தாலும் பம்ப் சும்மா இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தூக்கச் சொல்லும் கட்டளை வால்வு வரை போகிறதா? போனால் அழுத்தம் உண்டாகிறதா? உண்டான அழுத்தம் நிற்கிறதா? பம்ப் இரண்டாவது கேள்வியில்தான் வருகிறது. அங்கேயும் அது தனியாக வருவதில்லை, எண்ணெயோடு சேர்ந்தே வருகிறது.

கட்டளையிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதைப் பார்க்க ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. டி.இ.20இல் பம்ப், கருவிகளுக்குச் சக்தி தரும் பி.டி.ஓ. தண்டோடு சுற்றுவது, பி.டி.ஓ. லீவர் போடாவிட்டால் பம்பே ஓடாது. இரட்டை கிளட்ச் உள்ள 35, 135 வண்டிகளில் கிளட்ச் மிதியைப் பாதி அழுத்தினால் சக்கரம் நிற்கும், பம்ப் ஓடும். முழுக்க அழுத்தினால் பம்பும் நின்றுவிடும். கிளட்ச் சரிவர விடாமல் மிதியில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கமோ, இரண்டாம் தட்டு தேய்ந்திருப்பதோ லிப்ட்டின் சோர்வாகத் தெரியும். அடுத்தது இரண்டு லீவர்கள். ஒன்று கலப்பை நிற்கும் உயரத்தைத் தீர்மானிக்கும் பொசிஷன் லீவர். மற்றது மண்ணின் இழுப்பைத் தீர்மானிக்கும் டிராஃப்ட் லீவர். ஒன்றைக் கையாளும்போது மற்றது கையேடு சொல்லும் இடத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஒன்று தூக்கச் சொல்வதை மற்றது மறுத்துக்கொண்டிருக்கும். வண்டி கை மாறும்போது இந்த அறிவு கை மாறுவதில்லை. வாங்கியவர் பொசிஷன் லீவரை மட்டும் பயன்படுத்துவார். டிராஃப்ட் லீவர் எங்கோ நடுவில் துருப்பிடித்துக் கிடக்கும். லிப்ட் பலவீனமான வண்டி என்று பெயர் வாங்கிவிடும்.

இந்தச் சங்கிலியில் நான் அதிகம் நின்று பேச விரும்புவது டாப் லிங்க் மாட்டும் இடத்தில் உள்ள கனத்த ஸ்பிரிங். வெளியே தெரியும்படியே இருக்கிறது; ஆனாலும் அதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. கலப்பை கட்டியான மண்ணில் நுழைந்தால் அது கீழ்க் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கிச் சாயப் பார்க்கும், டாப் லிங்க் முன்னால் தள்ளப்படும், ஸ்பிரிங் அமுங்கும், அந்த அமுக்கம் உள்ளே வால்வை நகர்த்திக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். இழுப்பு குறைந்ததும் கலப்பை மீண்டும் ஆழத்துக்கு இறங்கும். ஆழத்தைப் பார்த்துக்கொள்ளத் தனிச் சக்கரம் வேண்டாம். கலப்பையின் எடையும் பின்சக்கரத்தில் விழுந்து பிடிமானம் தரும். ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 35, 135இல் அது ஆடவே கூடாது. ஆனால் விரல்களால் பிடித்துத் திருப்பினால் திரும்ப வேண்டும். ஆடினால், அந்த இடைவெளி முழுதும் தீரும்வரை மண் சொல்லும் சேதி வால்வுக்குப் போகாது. கலப்பை தாறுமாறாக ஆழம் மாறும், வண்டி திணறும். திருப்பவே முடியாத அளவு இறுகியிருந்தால் ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கியிருக்கிறது என்று பொருள், கட்டளை பிறழும். முனையில் உள்ள பூட்டுத் திருகைத் தளர்த்தி நுனியைத் திருகிச் சரிசெய்வது சிறிது நேர வேலை. துரு ஏறிய இடத்தில் முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்தால் போதும். இந்த ஸ்பிரிங் ஆடும் வண்டியில் பம்பை மாற்றுவதால் உழவு ஒரு விரற்கடை அளவும் சீராகாது.

கட்டளை சரி என்றால் எண்ணெய். இந்த வண்டிகளில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றும் ஒரே எண்ணெயில் வாழ்கின்றன. 35 வண்டியில் ஏறக்குறைய 30 லிட்டர் பிடிக்கும். அளவு குறைந்தால் சமதரையில் தூக்கும் வண்டி மேட்டில் ஏறும்போது தூக்காது, ஏனெனில் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்பின் வாய் வெளியே தெரிகிறது. அப்போது காற்றும் உள்ளே போகும், எண்ணெய் நுரைக்கும், லிப்ட் விட்டுவிட்டு எழும். காவிரி டெல்டாவில் அளவைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். கூண்டுச் சக்கரம் மாட்டி, அச்சு மட்டம் வரை சேற்றில் நின்று உழும் வண்டியில் அச்சு சீல், பி.டி.ஓ. சீல் வழியே தண்ணீர் கசியும். மழையில் நிற்கும் வண்டியில் கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியே இறங்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் மோர் நிறம் தெரியும். ஆனால் குச்சி சுத்தமாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். கலங்காத தண்ணீர் அடியில் தங்கும். அடியில்தான் பம்பின் வாய் இருக்கிறது. வண்டியை ஓர் இரவு சமதரையில் நிறுத்தி, காலையில் எஞ்சினைத் தொடாமல், அடியில் உள்ள வடிகால் பிளக்கை மெல்லத் தளர்த்திக் கண்ணாடிக் குவளையில் முதலில் சொட்டுவதைப் பிடித்தால் பதில் அங்கேயே கிடைக்கும். முதல் சொட்டுகள் தண்ணீராக இருந்தால், அந்தப் பம்பும் வால்வும் துருவில் ஊறிக்கொண்டிருக்கின்றன. புதுப் பம்ப் வைத்தாலும் அதற்கும் இதே கதிதான். பம்ப் மாற்றிய கொஞ்ச நாளில் பழைய குறை திரும்பும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதையே. சீல் மாற்றி, பழைய எண்ணெயை முழுக்க வடித்து, சல்லடை உள்ள வண்டியில் அதைக் கழுவி, கையேடு சொல்லும் எண்ணெயை விட்டு, கொஞ்சம் ஓட்டி, மறுபடி பார்த்த பிறகே மற்ற கேள்விகள்.

மூன்றாவது கேள்வி, அழுத்தம் நிற்கிறதா என்பது. கலப்பையை மாட்டி உயரத் தூக்கி, லிப்ட் கை நிற்கும் இடத்துக்கு நேரே வண்டியின் உடலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். பழைய வண்டியில் இரவு முழுதும் மெல்ல இறங்கி விடிவதற்குள் தரையைத் தொடுவது குற்றமில்லை. கண்ணெதிரே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. எஞ்சின் ஓடும்போது இதே கசிவு வேறு முகம் காட்டும்: கை கொஞ்சம் இறங்கும், இறங்கியதை உணர்ந்த இணைப்பு வால்வைத் திறக்கும், பம்ப் தூக்கும், மறுபடி இறங்கும். தூக்கிய கலப்பை தலையாட்டிக்கொண்டே நிற்கும். அப்படித் தலையாட்டும் வண்டியில் பம்ப் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. ஒவ்வொரு முறையும் தூக்கிக் காட்டுவது அதுதான். சூடும் ஒரு சாட்சி சொல்லும். காலையில் தூக்கி, இரண்டு மணி நேரம் உழுத பின் தூக்க மறுத்தால், எண்ணெய் இளகித் தேய்ந்த இடைவெளிகளில் தப்பிப்போகிறது. காலையில் மறுத்து, சூடான பின் தூக்கினால், கெட்டியான எண்ணெய் உறிஞ்சும் பக்கத்தில் தடைப்படுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

எங்கே ஒழுகுகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்க்கலாம். வலப்பக்கம் ஆயில் குச்சி உள்ள பக்க மூடியின் அடிமட்டம் வரை எண்ணெயை வடித்துவிட்டு, அந்த மூடியைக் கழற்றுங்கள். லிப்ட் கையில் சுமை இருக்கட்டும். சுமைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பம்ப், வால்வை நகர்த்தும் நெம்பு, பம்பிலிருந்து, மேலே சிலிண்டரைத் தாங்கும் லிப்ட் கவருக்குப் போகும் செங்குத்துக் குழாய் எல்லாம் தெரியும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுத் தூக்கச் சொன்னால், எண்ணெய் வழியும் இடம் கண்ணில் படும். செங்குத்துக் குழாயின் மேல் நுனியைச் சுற்றி விசிறினால், விரல் மோதிரம் அளவுள்ள ஒரு ஓ ரிங் தான் காரணம். மேலே சிலிண்டரின் வாயிலிருந்து திரை போல வழிந்தால் பிஸ்டனின் வளையமோ சிலிண்டருக்கும் கவருக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டோ போயிற்று. மிகை அழுத்தத்தை வெளியே விட பம்பின் உடலில் உள்ள ரிலீஃப் வால்விலிருந்து பாய்ந்தால் அதன் ஸ்பிரிங் அல்லது இருக்கை. கையை மட்டும் அருகில் கொண்டுபோகக் கூடாது. இந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டைத் தாண்டும். ஊசி முனை அளவு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது விரலையே இழக்கவைக்கும் காயம். அதே அழுத்தம் 3 அங்குல விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் 7 சதுர அங்குலப் பரப்பில் 14,000 பவுண்டு, அதாவது 6 டன்னுக்கும் மேலான விசையாகிறது. இவ்வளவு விசையையும் தாங்கி நிற்பது சில ரூபாய் ரப்பர் வளையங்கள். அவை பல ஆண்டு சூட்டில் கெட்டியாகி, விரலில் அழுத்தினால் ஒடிகின்றன.

ஓசையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கை முழு உயரம் எழுந்த பின்னும் உள்ளே இறுக்கமான உறுமல் தொடர்ந்தால், வால்வு நேரத்துக்கு மூடவில்லை. பம்ப் இன்னும் தள்ளிக்கொண்டிருக்க, ரிலீஃப் வால்வு திறந்து தப்பவிடுகிறது. இது உள் இணைப்பின் அளவு பிசகு, தவறான இடத்தில் பொருத்திய லிப்ட் கை, அல்லது அளவு மீறி வளைந்த லிப்ட் ராடு. கை எழும் முன்பே அதே உறுமல் வந்து எழாமலே நின்றால் சுமை அதிகம் அல்லது ரிலீஃப் வால்வு பலவீனம். உறுமலே இல்லாமல், எழவும் இல்லாமல் இருந்தால்தான் அழுத்தமே உண்டாகவில்லை. இங்கே சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 1035 போன்ற வண்டிக்கு 1100 கிலோ தூக்கும் திறன் என்று சொல்வது கீழ்க் கைகளின் நுனியில். ரோட்டவேட்டரின் எடை அந்த நுனியில் இல்லை, வெகுவாகப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் சோதனை நிலையங்கள் நுனியில் ஒருமுறையும், நுனிக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் ஒருமுறையும் அளக்கின்றன. இரண்டாவது எண் எப்போதும் சிறியது. கலப்பைக்காகப் பிறந்த வண்டியில் சேறு அப்பிய பெரிய ரோட்டவேட்டரை மாட்டிவிட்டு லிப்ட்டைப் பழிப்பது, அந்த வண்டிக்குச் செய்யும் அநீதி.

இந்த முறைக்கு எதிராக மெக்கானிக்குகள் சொல்லும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. லிப்ட் கவரைத் தூக்க செயின் பிளாக் வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், ஒரு நாள் போகும். திறந்துவிட்ட பிறகு பம்ப், வால்வு, பிஸ்டன் வளையம் எல்லாவற்றையும் ஒரே தரம் மாற்றிவிட்டால் மறுபடி திறக்க வேண்டாம். உழவு நாளில் விவசாயிக்குப் பணத்தைவிட நேரம் பெரிது என்கிறார்கள். திறந்தாக வேண்டிய வண்டிக்கு இது சரியான வாதமே. லிப்ட் கவரைத் தூக்கிய பிறகு பழைய ஓ ரிங்கையே திரும்ப வைப்பவரை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் இந்த வாதம் திறந்தாயிற்று என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. திறக்க வேண்டுமா என்ற கேள்வியை விட்டுவிடுகிறது. லீவர், கிளட்ச், ஸ்பிரிங், எண்ணெய், சாக்பீஸ் கோடு, பக்க மூடி, ஓசை ஆகிய எதற்கும் கவரைத் தூக்க வேண்டியதில்லை. இவை எல்லாம் சேர்ந்து ஓர் இரவும் ஒரு காலையும். நேரம் பெரிது என்பதே உண்மையானால், தூக்கத் தேவையில்லாத கவரைத் தூக்கும் நாள்தான் பெரிய நஷ்டம். அதோடு, எல்லாவற்றையும் மாற்றும் முறையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாற்றும் உதிரி தரமற்றதாக இருந்தால், நன்றாக இருந்த பழைய பாகம் போய் மோசமான புதுப் பாகம் வந்து உட்காருகிறது. எது குறை என்று முதலிலேயே தெரியாததால், புதிதாக வந்த குறையையும் அடையாளம் காண முடியாது.

அழுத்தமானி இல்லாமல் இதெல்லாம் குத்துமதிப்புதானே என்றும் கேட்கலாம். அழுத்தமானி சிறந்தது, லிப்ட் கவரின் மேல் வெளி ஹைட்ராலிக்குக்காக உள்ள பிளக் இடத்தில் மாட்டினால் சந்தேகத்துக்கு இடமிராது. பட்டறைகள் ஒன்றை வாங்கி வைக்க ஆகும் செலவு ஒரு பம்பின் விலையைவிட மிகக் குறைவு. ஆனால் அது இல்லாத ஊரிலும் வழி உண்டு. டிப்பர் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் லிப்ட் சிலிண்டரைத் துண்டித்து எண்ணெயை டிரெய்லருக்கு மட்டும் அனுப்பும் வால்வு இருந்தால், மண் ஏற்றிய டிரெய்லரைத் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் பம்ப் குற்றமற்றது; குறை லிப்ட் கவருக்குள் இருக்கிறது. மற்றொரு எதிர்ப்பு, இவ்வளவு பழைய வண்டிக்கு இத்தனை பாடு எதற்கு என்பது. கடன் தீர்ந்த வண்டி, சிறு நிலம், எல்லா ஊரிலும் கிடைக்கும் உதிரி: இவற்றைக் கணக்கில் வைத்தால் அந்த வண்டி குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பது அதை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 40 ஆண்டு ஓடிய வண்டியைத் தூக்கி எறிய வைக்கும் நோய் ஒரு ஓ ரிங்கில் இருக்கும்போது, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதற்கு வயது காரணமாகாது.

இவ்வளவும் பம்ப் கெடவே கெடாது என்பதற்காகச் சொல்லவில்லை. கெடும், கெட்டால் தெளிவாகச் சொல்லும். அதன் இரு பக்கமும் உள்ள வால்வு அறைகளில் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உறிஞ்சும் வால்வும் தள்ளும் வால்வும் உண்டு. அவற்றில் ஒன்றின் அடியில் ஒரு துகள் சிக்கினால், லிப்ட் வழவழவென்று எழாமல் நான்கில் ஒரு துடிப்பு தவறியது போலக் குதித்துக் குதித்து எழும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது லிப்ட் கையின் மேல் உள்ளங்கையை வைத்தால் அந்தத் தவறும் துடிப்பு தெரியும். எண்ணெய் சுத்தம், ஸ்பிரிங் சரி, பக்க மூடி வழியே வால்வு நகர்வது தெரிகிறது, எங்கேயும் ஒழுகலில்லை, உறுமலும் இல்லை, சுமையில்லாத கைகூட எழவில்லை என்றால் அப்போது பம்பைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் உடனே புதுப் பம்புக்கு ஓட வேண்டாம். வால்வு அறைகளைத் திறந்து, சிறு வால்வுகளை மண்ணெண்ணெயில் கழுவி, இருக்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிஸ்டன் பாதையில் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் பம்பை மாற்றத்தான் வேண்டும். சிக்காமல் வழுக்கினால், வால்வைக் கழுவிப் புதுச் சீல்களோடு திரும்பப் பூட்டி, கலப்பையை மாட்டித் தூக்கி, அதே இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள்.